டேட்டாபேஸ் மேல பழி போடாதடா அப்புனு

லேப்டாப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு நீ வர்ற தோரணையப் பாத்தாலே தெரியுது, உன்ற மாமன் மஞ்சள் மண்டிக்கு நீ எழுதுன சாப்ட்வேரு மறுக்கா மக்கர் பண்ணிருச்சு. "டேட்டாபேஸ் வேலை செய்யல அப்பச்சி"ன்னு மட்டும் ஆரம்பிக்காத. மில்லு ஆபீசு இ.டி.பி.ங்கற கம்ப்யூட்டர் செக்சன்ல நான் இருந்த காலம் பூரா அந்த ஒரே பழமையத்தான் கேட்டேன். "நான் தப்பாக் கேட்டுப்போட்டேனுங்க"ன்னு ஒருத்தனும் வந்ததில்ல. போகட்டும், நீ பி.இ. படிச்சவன், உனக்கு ஏதாச்சும் ஒசந்த எர்ரரா வந்திருக்கும். என்ன எழுதியிருக்குதுன்னு படி.

"என்னமோ ஆக்சஸ் டினைடுன்னு வருது"வா? என்னமோன்னா என்ன அர்த்தம்? மொத்தமே ஒரு வரி. அந்தப் புள்ள அனுப்புற வாட்சப்ப ராத்திரி பூரா திருப்பித் திருப்பிப் படிக்கத் தெரியுது, இந்த ஒரு வரியக் கடைசி வரைக்கும் படிக்க உனக்குச் சலுப்பா இருக்குது. அது 1045. கடைசியில அடைப்புக்குறிக்குள்ள "யூசிங் பாஸ்வேர்டு: நோ"ன்னு இருக்குது பாரு. நீ பாஸ்வேர்டே அனுப்பலைங்குது. உன்ற கான்பிக் ஃபைல்ல பாஸ்வேர்டு இருக்கறது நெசம்தான், ஆனா புரோகிராம் அந்த ஃபைலைத் தொறந்துச்சான்னு ஆரு பாத்தா? அங்க "எஸ்"னு இருந்திருந்தா கதையே வேற. பாஸ்வேர்டு போச்சு, ஒண்ணு அது தப்பு, இல்லீன்னா ஆளு தப்பு.

ஆளு தப்புன்னா என்னன்னு கேக்கோணும். மைஎஸ்க்யூஎல்லுல பேரு மட்டும் ஆளாகாது. பேரு, அதுக்கு ஒரு @, அப்புறம் எங்கிருந்து வர்றான்ங்கறது, மூணும் சேர்ந்துதான் ஒரு ஆளு. லோக்கல்ஹோஸ்ட்ல இருந்து வர்ற ராஜாவும், % போட்டு எங்கிருந்து வேணா வர்ற ராஜாவும் ரெண்டு தனித்தனிப் பசங்க. பாஸ்வேர்டு தனி, உரிமை தனி. நீ ஒருத்தனுக்கு மாத்திப்போட்டு இன்னொருத்தனா உள்ள போகப் பாப்ப. இன்னொண்ணு, 8.0 வந்ததுக்கப்புறம் கிராண்ட் கட்டளை தானா ஆளை உண்டாக்காது. முதல்ல கிரியேட் யூசர், அப்புறம்தான் கிராண்ட். பழைய புஸ்தகத்தைப் பாத்து அடிச்சீன்னா அது மறுக்கத்தான் செய்யும். உபுண்டுல ரூட்டா நுழையறதுக்குப் பாஸ்வேர்டே கேக்காது, சூடோ போட்டு வந்தியான்னு மட்டும் பாக்கும். அது தெரியாம ரூட் பாஸ்வேர்டை மாத்தி மாத்தி ராத்திரி முழுக்க ஒக்காந்திருந்த மகராசனெல்லாம் இருக்கறாங்க.

சித்த இரு, இதை நல்லதுன்னே சொல்லுவேன். "உள்ள விடமாட்டேன்"னு சொல்றதுக்கு அங்க ஒருத்தன் உசுரோட இருக்கறான்னு ஆச்சு. 2002, 2003ன்னு வந்தாத்தான் கதவுக்கே போய்ச் சேரல. 2003க்குப் பக்கத்துல 111ன்னு ஒரு நம்பரு இருந்தா, அந்த மிசின் இருக்குது, அந்த போர்ட்ல கேக்கறதுக்கு ஆளில்லைன்னு அர்த்தம். சர்வர் ஓடலியோ, 3306க்குப் பதிலா வேற போர்ட்டோ, இல்ல பைண்ட் அட்ரஸ் 127.0.0.1ன்னு கெடக்குதோ, அதைப் பாரு. உபுண்டுல போட்டா அந்த வரி தானாவே அப்படித்தான் எழுதியிருக்கும். உள்ளூர்க்காரனுக்கு மட்டும் பதில் சொல்லும், மண்டியில இருந்து கூப்புட்டா காதே கேக்காது. 110ன்னு இருந்தா பெரும்பாலும் ஃபயர்வால். ரெண்டுக்கும் ஒரே ஒரு நம்பருதான் வித்தியாசம். நீ அந்த நம்பரை வெட்டிப்போட்டு மேல்பாதிய மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவ.

லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1ம் ஒண்ணுதானேன்னு அன்னைக்கு என்ற கிட்டயே வாதாடுன. லினக்ஸ்ல மைஎஸ்க்யூஎல்லுக்கு ஒண்ணில்ல. லோக்கல்ஹோஸ்ட்னு சொன்னா அது சாக்கெட் ஃபைல் வழியாப் போகும். 127ன்னு சொன்னாத்தான் போர்ட் வழியாப் போகும். சாக்கெட் ஃபைல் இல்லைன்னு 2002 வந்தா, 127 போட்டுப் பாத்தீன்னா பாதிச் சங்கதி வெளங்கிரும். டாக்கர்ல போட்டு வெச்சிருந்தீன்னா, கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்டுன்னா அந்தக் கன்டெய்னரேதான், உன்ற லேப்டாப்பு இல்ல.

கம்பெனியில போஸ்ட்கிரெஸ்தான்னு பெருமையாச் சொல்லுவியே, அங்க போர்ட் 5432, ஆளை உள்ள விடறதா வேண்டாமான்னு சொல்றது பி.ஜி. ஹெச்.பி.ஏ.ங்கற ஃபைல். அதை மேல இருந்து கீழ படிக்கும், பொருந்துற முதல் வரியோட நின்னுரும். நீ கடைசியில போயி அழகா ஒரு வரி சேத்துப்போட்டு, மேல இருக்கற வரி உன்னைத் தாட்டி உட்டது தெரியாம, "ஃபைலையே மதிக்க மாட்டீங்குது"ன்னு அழுவ. சேத்த பொறவு ரீலோடு பண்ணோணும், அதையும் மறந்திருப்ப.

உள்ள போயாச்சா? இப்ப அடுத்த ஆட்டம், 1064. "நியர்"னு போட்டு ஒரு துண்டைக் காட்டும். அந்தத் துண்டு பூராத் தப்புத் தேடாத, அது ஆரம்பிக்கற சொல்லையும் அதுக்கு ஒட்டுனாப்புல முன்னாலயும் பாரு. அதுவரைக்கும் புரிஞ்சுது, இதுக்கு மேல புரியலைன்னு அது நிக்குற எடம் அது. துண்டே காட்டாம வெறும் மேற்கோள் குறி மட்டும் இருந்தா, கடைசி வரைக்கும் படிச்சும் நீ முடிக்கலைங்குது: பெரும்பாலும் எங்கயோ ஒரு அடைப்புக்குறிய மூடல. கட்டளை அடிச்சு என்டர் தட்டுனா -> மட்டும் வந்து நிக்குதுன்னு அன்னைக்கு "ஹேங் ஆயிருச்சு"ன்னு மிசினையே ஆஃப் பண்ணினியே! அது அரைப்புள்ளிக்காகக் காத்திருந்துச்சுடா. '> வந்தா மேற்கோள மூடுறதுக்காகக் காத்திருக்குது. வாட்சப்ல வந்த கொயரிய எடுத்து ஒட்டாத, அதுல மேற்கோள் குறியெல்லாம் வளைஞ்சு போயிருக்கும், கண்ணுக்கு அழகு, சர்வருக்கு ஆகாது.

அப்புறம் உன்ற பேரு வெக்கற லட்சணம். மைஎஸ்க்யூஎல் உண்டாக்குன ஆளுகள்ல ஒருத்தரு மைக்கேல் விடேனியஸ், பின்லாந்துக்காரரு. அதுல இருக்கற "மை" அவரு மூத்த புள்ள பேரு. அப்புறமேட்டுக்கு மரியாடிபி பண்ணப்ப சின்னப் புள்ள பேரை வெச்சாரு. நீ என்னடான்னா டெம்ப்2, நியூ, ஃபைனல், ஃபைனல்_ஒரிஜினல்னு டேபிளுக்குப் பேரு வெச்சிருக்கற. பத்தாததுக்கு ஆர்டர்னு ஒரு டேபிள், குரூப்னு ஒரு காலம். அதெல்லாம் அது தனக்குன்னு எடுத்து வெச்சிருக்கற சொல்லு. ரேங்க்னு காலத்துக்குப் பேரு வெச்சவங்க 5.7 வரைக்கும் நிம்மதியாத் தூங்கினாங்க, 8.0ல அதுவும் அந்தப் பட்டியல்ல சேந்துருச்சு. அப்கிரேடு பண்ண அன்னைக்கே நேத்து வரைக்கும் ஓடுன கொயரி படுத்துருச்சு. பேக்டிக் குறிக்குள்ள போட்டா ஓடும், வேற பேரு வெச்சா இன்னும் நல்லா ஓடும்.

விண்டோஸ் லேப்டாப்புல ஓடுனது லினக்ஸ் சர்வர்ல "டேபிள் இல்லை"ங்குதுன்னா, பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாத்தியா? விண்டோஸ்ல அதுக்கு ரெண்டும் ஒண்ணு. லினக்ஸ்ல டேபிள் பேர்ல எழுத்து மாறுனா டேபிளே வேற. எல்லாத்தையும் சின்ன எழுத்துல வெச்சுட்டா இந்த ஓரியாட்டமே இல்ல. சர்வர்ல செட்டிங்க மாத்திக்கலாம்னு பாக்காத, 8.0ல முதல் தடவ நிறுவும்போது வெச்சதுதான், பொறவு மாத்த உடாது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கத்திச் சொல்ற தப்பு. அதுக்கு நான் வெசனப்படறதில்ல. ஒரு எர்ரரும் காட்டாம, சிரிச்ச மொகத்தோட தப்பான பதிலைக் குடுக்கும் பாரு, அதுக்குத்தான் பயப்படோணும். போன வாரம் மாமன் சொன்னான், "அப்பா, மருமகன் ரிப்போர்ட்டுப்படி ஒரு வியாபாரிகூட பாக்கி இல்லீங்க"ன்னு. எனக்கு அப்பவே தெரியும். ஈரோட்டுல மஞ்சள் வாங்குன அத்தனை பேரும் ஒட்டுக்கா பணத்தைக் கட்டிட்டாங்கன்னா அது டேட்டாபேஸ் சங்கதி இல்ல, தெய்வ சங்கதி. கொயரிய எடுத்துப் பாத்தா, வரவு டேபிள்ல யாரோட ஐடி இல்லையோ அவங்களைக் காட்டுன்னு நாட் இன் போட்டிருக்கற. வரவு டேபிள்ல ஒரே ஒரு வரி, பேங்க்ல வந்த பணம், ஆருதுன்னு தெரியலைன்னு கிளார்க்கு ஐடிய விட்டுட்டான். அங்க நல் கெடக்குது. சோலி முடிஞ்சுது.

எப்படின்னு கேளு. நல்ங்கறது சைபரும் இல்ல, காலி எழுத்தும் இல்ல. "தெரியாது"ங்கறதுக்கு வெச்ச குறி. ஏழாம் நம்பர் வியாபாரி வரவுப் பட்டியல்ல இல்லையான்னு கொயரி கேக்குது. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, அடுத்தது "தெரியாது". அந்தத் தெரியாத ஆளு ஏழாம் நம்பரா இருந்துட்டா? ஆகவே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியலைன்னு அவனை விட்டுருது. எட்டாவது ஆளையும் அதே மாதிரி விட்டுருது. கடைசியில ஒருத்தனும் தேறல. அது நேர்மையாத்தான் நடந்துச்சு, உனக்குத்தான் வெளங்கல. நாட் எக்சிஸ்ட்ஸ் போட்டு எழுது, இந்த வம்பு வராது. ஈக்வல் டு நல்னு எழுதிப்போட்டு ஒண்ணும் வரலைன்னு சொல்றதும் இதே வியாதிதான். இஸ் நல்னு கேளு. கவுண்ட்ல நட்சத்திரம் போட்டா எல்லா வரியும் எண்ணும், காலம் பேரு போட்டா நல் இருக்கற வரிய விட்டுட்டு எண்ணும். ரெண்டு எண்ணிக்கையும் ஏன் ஒத்து வரலைன்னு இனிமே என்ற கிட்ட வராத.

அதே ரிப்போர்ட்டுல இன்னொண்ணு கண்டேன். லெஃப்ட் ஜாயின் போட்டு எல்லா வியாபாரியையும் கொண்டு வந்திருக்கற, நல்லது. உடனே கீழ வேர்ல பில் தொகை ஆயிரத்துக்கு மேலன்னு கண்டிசன் போட்டு, பில்லே இல்லாத அத்தனை பேரையும் தொரத்திப்போட்ட. அந்தக் கண்டிசனை ஆன் பக்கத்துல எழுது. ஜாயினுக்குக் கண்டிசனே போட மறந்த கொயரியும் ஒண்ணு இருந்துச்சு. வியாபாரி ரெண்டாயிரம், பில்லு ஐம்பதாயிரம், பெருக்குனா பத்துக் கோடி வரி. மாமன் பிரிண்ட் எடுக்கச் சொல்லாம இருந்தது நம்ம குலதெய்வம் காத்தது.

போன் நம்பர் காலத்தைப் பாத்தியா? பாதிப் பேருக்கு 2147483647. ஒரே நம்பர்ல இத்தனை வியாபாரியான்னு நீ யோசிக்கவே இல்ல. இன்ட் வகையில அடங்குற பெரிய எண்ணு அதுதான். நம்ம ஊரு மொபைல் நம்பரு பத்து இலக்கம், ஆறு, இல்லீன்னா அதுக்கு மேலதான் ஆரம்பிக்குது, எதுவுமே அதுல அடங்காது. ஸ்ட்ரிக்ட் மோடு இருந்திருந்தா முதல் நாளே 1264ன்னு கத்தியிருக்கும். எர்ரர் வருது, தொந்தரவுன்னு அந்த மோடைத் தூக்குனது ஆரு? அங்க பாரு, மோட்டுவளையைப் பாக்கறான். போன் நம்பரைக் கூட்டவா போற, கழிக்கவா போற? வார்சார்ல வை. காசை ஃப்ளோட்ல வைக்காத, டெசிமல்ல வை. பைசா பைசாவாக் கரைஞ்சு வருசக் கடைசியில ஆடிட்டர் உன்னைத்தான் பாப்பாரு.

தேதிச் சங்கதி. ஜனவரி 1க்கும் 31க்கும் நடுவுலன்னு பிட்வீன் போட்டா, மணியோட சேந்த காலமா இருந்தா 31ந் தேதி நடுராத்திரி பன்னண்டோட நின்னுரும். அன்னைக்கு நடந்த ஏவாரம் பூராப் போச்சு. பிப்ரவரி 1க்குக் கீழன்னு எழுது. கிளவுட் சர்வர் யு.டி.சி.ல ஓடுது, நம்ம நேரம் அஞ்சரை மணி முந்தி. விடியக்காலை அஞ்சு மணிக்குப் போட்ட பில்லு முந்துன நாள் கணக்குல போயி ஒக்காந்துக்கும். மண்டி ஆளுக நேரத்துல எந்திரிக்கறவங்க, உன்னைப் போல ஒம்போது மணிக்கு இல்ல.

தமிழ்ல பேரு போட்டா கேள்விக்குறியா வருதுன்னு ஒரு பஞ்சாயத்து வெச்சிருக்கறியே, அதுக்கு வர்றேன். 8.0க்கு முன்னால ஒண்ணும் சொல்லாம டேபிள் போட்டா லத்தீன்1லதான் விழும். அதுல தமிழுக்கு எடமே இல்ல. ஆனா கேள்விக்குறியப் பாத்ததும் அழுதுறாத. ஹெக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்குது, அந்தக் காலத்தை அதுக்குள்ள போட்டுப் பாரு. 3எஃப், 3எஃப்னு வந்தா உள்ளயே கேள்விக்குறிதான், பேரு போயே போச்சு, மறுக்கா டைப் அடிக்கோணும். இ0ன்னு ஆரம்பிச்சு மும்மூணு பைட்டா வந்தா தமிழ் பத்திரமா இருக்குது, உன்ற கனெக்சன்தான் கோளாறு. தலையில கோடு போட்ட ஏ-யும், வட்டத்துக்குள்ள ஆர்-ம் வரிசையா வந்தா, யுடிஎஃப்8ஐ லத்தீன்னு நெனச்சுக் காட்டுது; பொறுமை இருந்தா மீட்டுறலாம்.

யுடிஎஃப்8னு போட்டிருக்கேனே அப்பச்சிங்கற. மைஎஸ்க்யூஎல் அந்தப் பேர்ல வெச்சது மூணு பைட்டு வரைக்கும்தான். தமிழ் எழுத்துக்கு மூணு பைட்டு, ஆகவே ஓடும். நீ வியாபாரி பேருக்குப் பக்கத்துல போடற மஞ்சக் கலர் சிரிப்பு மூஞ்சிக்கு நாலு பைட்டு, அது விழுகாது. சிரிப்பு மூஞ்சி போனாப் போகுது. எங்க அப்பாரு காலத்துல திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்ச முந்திரி, காணி, மாகாணிக் குறியெல்லாம் 2019ல யுனிகோடுல சேத்தாங்களே, அதெல்லாமும் நாலு பைட்டுதான். யுடிஎஃப்8எம்பி4னு போடு. வார்சார் பத்துன்னா பத்துத் தமிழ் எழுத்துன்னும் நெனைக்காத. கோபாலகிருஷ்ணன் நமக்கு எட்டு எழுத்து. அதுக்குக் கொக்கி, கால், புள்ளியெல்லாம் தனி, பதினாலுன்னு எண்ணும், பைட்டுல 42. உன்ற டேபிள்ல பாதிக் கவுண்டருகளுக்கு வால் அறுந்து கெடக்கறது அதனாலதான்.

மெதுவா ஓடுதுன்னா இன்னொரு ஜி.பி. ராம் வாங்கச் சொல்லி மாமனைக் கேக்காத, எக்ஸ்ப்ளெயின்னு முன்னால போட்டு ஓட்டு. டைப்ங்கற எடத்துல ஆல்னு இருந்தா முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் தடவிப் பாக்குது. இன்டெக்ஸ் போட்டிருக்கேன்ங்கற, சரி. இயர் ஃபங்ஷனுக்குள்ள தேதிக் காலத்தைப் போட்டு 2024க்குச் சமமான்னு கேட்டா அந்த இன்டெக்ஸ் எதுக்கு ஆவும்? லைக்ல முன்னாலயே % போட்டாலும் அதேதான். வார்சார்ல இருக்கற போன் நம்பரை மேற்கோள் இல்லாம எண்ணா எழுதிக் கேட்டாலும் அதேதான். மூணையும் ஒரே கொயரியில பண்ணியிருக்கற, பாராட்டோணும்.

1213, டெட்லாக். இட்டேறியில எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்து, நீ பின்னால போ, நான் போகமாட்டேன்னு நிக்கறதுதான். மைஎஸ்க்யூஎல்லுக்குள்ள இருக்கற இன்னோடிபி அதைக் கண்டுபிடிச்சு ஒருத்தனைப் பின்னால தள்ளிரும். தள்ளப்பட்டவன் மறுக்கா வந்தாப் போதும், உன்ற புரோகிராம் மறுக்கா முயற்சி பண்ணோணும், பெட்டிய மூடிட்டு அழுகக்கூடாது. ரெண்டு டேபிளையும் எல்லா எடத்துலயும் ஒரே வரிசையில தொட்டா பெரும்பாலும் வராது. 1205 வேற. எவனோ டிரான்சாக்சனை ஆரம்பிச்சுப்போட்டு கமிட் பண்ணாம டீ குடிக்கப் போயிட்டான், நீ 50 செகண்டு நின்னு பாத்து வந்துட்ட. அந்த எவனோ, போன தடவ நீயேதான்.

இனிச் சொல்றதைக் காதுல வாங்கிக்க. அப்டேட்டோ டெலிட்டோ அடிக்கறதுக்கு முன்னால அதே வேரை செலக்ட்ல போட்டுப் பாரு. ஸ்டார்ட் டிரான்சாக்சன் போடு, அடி, எத்தனை வரி மாறுச்சுன்னு பாரு, அப்புறம் கமிட்டா ரோல்பேக்கான்னு முடிவு பண்ணு. வேர் இல்லாத அப்டேட்டைத் தடுக்க சேஃப் அப்டேட்ஸ்னு ஒரு வசதி இருக்குது. அதுக்கு இன்னொரு பேரும் வெச்சிருக்கறாங்க, ஐ ஆம் எ டம்மி. "நான் ஒரு மக்கு"ன்னு. நெசமாத்தாண்டா, மேனுவல்லயே இருக்குது. ஒர்க்பெஞ்சுல அது தானாவே போட்டிருக்கும். 1175ன்னு அது தடுத்தப்ப நீ என்ன பண்ணின? கூகுள்ல தேடி அதை ஆஃப் பண்ணினவன்தானே? இன்னைக்கே மறுக்கா போடு. அந்தப் பேரோடவே போடு, மாமன் பாத்தாச் சந்தோசப்படுவான். டிராப், ட்ரங்கேட்டுக்கு மைஎஸ்க்யூஎல்லுல ரோல்பேக் கெடையாது, அதை அடிக்கறப்ப கையைக் கட்டிக்கிட்டு சித்த நேரம் சும்மா இரு.

பேக்கப் இருக்குதுன்னு சொல்றியா? கிட்லாப் கம்பெனியிலயும் இருக்குதுன்னுதான் நெனச்சாங்க. 2017 ஜனவரி 31, ராத்திரி, அசந்து போன ஒருத்தர், துணை சர்வர்னு நெனச்சு முதன்மை சர்வர்ல டேட்டா டைரக்டரிய அழிக்க ஆரம்பிச்சாரு. சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜி.பி.ல மிச்சம் நாலரை ஜி.பி. சரி, பேக்கப்ப எடுன்னு போனா, பி.ஜி. டம்ப் வெர்சன் ஒத்து வராம ரொம்ப நாளாவே தோத்துக்கிட்டு இருந்துச்சு, தோத்துச்சுன்னு சொல்ற மெயிலும் போய்ச் சேரல. கையால எடுத்து வெச்ச ஒரு நகல் காப்பாத்துச்சு, அப்பவும் ஆறு மணி நேரத்து டேட்டா போச்சு. மறைக்காம எல்லாத்தையும் அவங்களே எழுதிப் போட்டாங்க, அது மனுசத்தனம்.

உன்ற பேக்கப் ஃபைல் எவ்வளவு பெரிசுன்னு பாத்தியா? நான் நேத்துப் பாத்தேன். சைபர் பைட்டு. தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தவறாம ஒரு காலி ஃபைலைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டு இருக்குது. அங்கயும் அதே 1045தான், எர்ரரை டெவ் நல்லுக்குத் தாட்டி விட்டிருக்கற, ஆரு பாக்கறது? முதல்ல அந்தப் பாஸ்வேர்டைச் சரி பண்ணி, சிங்கிள் டிரான்சாக்சன் போட்டு டம்ப் எடு. அட்டாலியில என்ற பழைய லேப்டாப்பு இருக்குது, அதுல ரெஸ்டோர் பண்ணு. பில் டேபிள்ல எத்தனை வரின்னு ரெண்டு பக்கமும் எண்ணி ஒத்துப் பாரு. ஒத்து வரலீன்னா மாமனுக்குப் போன் பண்றதுக்கு முன்னால எனக்கு ஒருக்காச் சொல்லு, அவன் பேசற பேச்சைக் கேக்கறதுக்கு நான் பக்கத்துல இருக்கோணும்.